வாளக்கல் சுனைக்கு வழி

“சுனைக்குப் போற தடம் எங்க ஆரம்பிக்குது?” என்று கேட்டார் சீடர்.

சீடருக்கு வயது ஐம்பத்து நான்கு. பெயர் தேவசகாயம். உயர்நிலைப் பள்ளியில் பூகோள வாத்தியார். இருபத்தெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு மலையும் ஆறும் வரையச் சொல்லிக்கொடுப்பவர்.

குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் சடைச்சி. மலையடிவாரத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்பில் மூன்றாவது வீடு. வனத்துறையில் வாச்சர் வேலை. தன்னை ஒருவர் குருவாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்.

சடைச்சி வாசலில் உட்கார்ந்து விளக்குமாற்றுப் புல்லைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எந்தப் பஸ்ஸுல வந்தீக சாரு?”

“ஆறேகால் பஸ்.”

“திரும்பிப் போக எத்தன மணிக்குப் பஸ்ஸு?”

தேவசகாயத்துக்குத் தெரியவில்லை. அவர் பையில் மலையின் வரைபடம் இருந்தது. திசைகாட்டி இருந்தது. இரண்டு டார்ச்சும், போனுக்குச் சார்ஜ் போட ஒரு பேட்டரியும் இருந்தன. பஸ் நேரம் இல்லை.

“அப்ப நாளைக்கு வாங்க,” என்றார் சடைச்சி.

தேவசகாயத்துக்குச் சுருக்கென்றது. பஸ் நேரத்துக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம்? தடத்தைத் தானே கண்டுபிடித்துவிடுவது என்று பகலெல்லாம் அடிவாரத்தைச் சுற்றினார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசி பஸ் மூன்றரைக்கு என்பதை நாலு மணிக்குத் தெரிந்துகொண்டார்.

ஏழு கிலோமீட்டர் தார் ரோட்டில் நடந்து மெயின் ரோட்டுக்குப் போனார்.

*

தை மாதம் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் இந்த மனிதர் ஏன் இப்படி அலைகிறார் என்று தோன்றும்.

ஊரில் ஞாயிறு நடைக் குழு என்று ஒன்று உண்டு. மொத்தம் ஒன்பது பேர், எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். கூட்டம் போகாத காட்டுத் தடமாகத் தேடிப் போய் நடந்துவிட்டு வருவார்கள். எங்கே போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த மரத்தடியில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பது என்று எல்லாத் திட்டமும் தேவசகாயம் போடுவார். அவர் போட்ட திட்டத்தை யாரும் இரண்டாம் தடவை படித்ததில்லை. வாத்தியார் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுவார்கள்.

தையில் வாளக்கல் சுனைக்குப் போனார்கள். பாதி வழியில் தடம் இரண்டாகப் பிரிந்தது. போன் மேப்பில் வலது பக்கம் ஒரு கோடு தெரிந்தது. வலது பக்கம் போனார்கள்.

அந்தத் தடம் ஒரு ஓடைச் சரிவில் போய் விழுந்தது. கூடவே சீனிச்சாமியும் விழுந்தார்.

கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. மறுநாள் காலையில் சடைச்சியும் இன்னும் மூன்று பேரும் தேடிக் கண்டுபிடித்து, கம்பில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

சீனிச்சாமி தபால்காரர். சைக்கிள் மிதித்துப் பிழைக்கிற கால் அது. தேவசகாயத்துக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. ஐந்து மாதம் கட்டிலில் கிடந்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

“மேப்புக்காரன் தப்பாப் போட்டதுக்கு நீ என்னய்யா பண்ணுவ?” என்றுதான் சொன்னார்.

தேவசகாயம் அதையே பிடித்துக்கொண்டார். மேப் போட்ட கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. பள்ளிக்கூடத்தில், டீக்கடையில், கல்யாண வீட்டில் என்று பார்த்த இடத்திலெல்லாம் மேப்பை நம்பாதீர்கள் என்று சொல்லித் தீர்த்தார். ஆனால் காட்டைப் பார்த்தாலே அவருக்குப் பயம் வர ஆரம்பித்திருந்தது. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

புரட்டாசி பிறந்ததும் குழுவில் மறுபடி பேச்சு எழுந்தது. வேறு யாரையாவது கூட்டிப் போகச் சொல்லலாம் என்று ஒருவர் மெல்ல இழுத்தார்.

சீனிச்சாமி ஒரே போடாகப் போட்டார். “அதே சுனைக்குப் போவோம். தேவு கூட்டிட்டுப் போனா வர்றேன். வேற எவன் கூப்பிட்டாலும் வரமாட்டேன்.”

தேவசகாயம் அன்று வீட்டுக்கு வந்து அழுதார். இந்த நம்பிக்கைக்கு நான் ஏற்ற ஆள்தானா என்று அவருக்கே தெரியவில்லை. இன்னொரு தடவை தப்பு நடந்தால் சீனியின் முகத்தில் முழிக்க முடியாது. முடியாது என்று மறுத்தாலும் முழிக்க முடியாது.

ரேஞ்சரிடம் அனுமதி கேட்கப் போனார்.

“பழைய வாசல்ல யானை அகழி வெட்டியாச்சு சார். வேற பக்கமாத்தான் ஏறணும்,” என்றார் ரேஞ்சர். “உங்களக் காட்டுல இருந்து தூக்கிட்டு வந்தது சடைச்சி. அது உங்களச் சரின்னு சொல்லட்டும். நான் கையெழுத்துப் போடுறேன்.”

காலாண்டு விடுமுறை ஒன்பது நாள். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் நடை.

முதல் நாள் பஸ்ஸைத் தவறவிட்டதில் போய்விட்டது.

*

இரண்டாம் நாள், வருகிற பஸ் போகிற பஸ் இரண்டின் நேரத்தையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தார்.

சடைச்சி கையைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மேல் மண்டிக் கிடந்தது. அதற்கு முன்னால் போய் நின்றார்.

“இங்கனதான் இருக்கு. கண்டுபிடிங்க.”

தேவசகாயம் புதரை ஒட்டி நடந்தார். ஒரு திறப்புத் தெரிந்தது. நுழைந்தார். இருபது அடியில் முட்டி போட வேண்டியிருந்தது. முப்பது அடியில் தவழ வேண்டியிருந்தது.

“அது பன்னித் தடம் சாரு,” என்றார் சடைச்சி வெளியிலிருந்து.

இரண்டாவது திறப்பு முள்ளம்பன்றியுடையது. மூன்றாவது மழைத்தண்ணீர் அறுத்த வழி. நான்காவது நல்ல அகலம். மேட்டில் நேரே ஏறாமல், சுற்றி வளைந்து, மூச்சு வாங்காத மாதிரி அருமையாகப் போனது. தேவசகாயத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“இதுதான்!”

“யான போட்டது.”

“எப்படிச் சொல்றீங்க தாயி?”

“ரொம்ப நல்லா இருக்குல்ல. மனுசன் போட்டா இவ்வளவு நல்லா வராது.”

மதியம் ஆகிவிட்டது. சட்டைக் கை கிழிந்துவிட்டது. தரையை ஒரு சாண் விடாமல் பார்த்துவிட்டார்.

“தரையில ஒண்ணுமே தெரியலையே.”

“தரையில எப்படித் தெரியும்? ஒரு காத்து அடிச்சா எல விழுந்து மூடிருமே.”

சடைச்சி அவர் தோளிலிருந்த பையை வாங்கினார். அதைத் தன் தலைமேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டார். ஒன்றுமே இல்லாத மாதிரி தெரிந்த ஒரு இடத்தில், செடியைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். தலையில் இருந்த பையில் ஒரு இலைகூட உரசவில்லை.

தேவசகாயம் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

தலைக்கு மேலே ஒரு முழ உயரம் வரை கிளைகள் ஒடிந்திருந்தன. சிலது புதிதாக, சிலது பழையதாகக் காய்ந்து கறுத்து. அந்த இடைவெளி மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து மேலே போனது. எத்தனையோ வருடமாக விறகுக்கட்டோடு இறங்கிய பெண்கள் முட்டி ஒடித்த வழி.

“வாங்க சாரு, மணியாகுது,” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

*

மூன்றாம் நாள் ஒன்றரை மணி நேரம் ஏறினார்கள். எதிர்ப் பாறையில் வெயில் விழுந்ததும் சடைச்சி திரும்பிவிட்டார்.

நான்காம் நாள் இரண்டு மணி நேரம் ஏறினார்கள். தேவசகாயம் ஷூவுக்குள் போன அட்டையை எடுக்க இரண்டு தடவை உட்கார்ந்தார். இரண்டாம் தடவை எழுந்தபோது சடைச்சி கீழே இறங்கிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் காட்டு வாசனையே நன்றாக இருந்தது. பயம் எட்டிப் பார்க்கவில்லை. எங்கே மூச்சு வாங்கும், எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த இடத்தில் ஒன்பது பேர் உட்கார நிழல் இருக்கும் என்று நோட்டில் குறித்துக்கொண்டே போனார். போகிற போக்கில் தடத்தில் கிடந்த கல்லைக் காலால் ஓரம் தள்ளினார். வகுப்பறையில் டஸ்டர் கோணலாக இருந்தாலும் பொறுக்காத ஆள்.

அன்றும் சடைச்சி பாதியில் திரும்பினார்.

தேவசகாயத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

“தாயி, மூணு நாளா நடக்கேன். சுனையக் கண்ணுலயே காட்டலையே நீங்க.”

“சுன எங்கிட்டும் போகாது சாரு. நீங்கதான் போகணும்.”

“எங்க?”

“வீட்டுக்கு.”

“வீட்டுக்குப் போறதுக்கா இவ்வளவு தூரம் வந்து கத்துக்கிடுதேன்?”

“வேற எதுக்கு?” என்றார் சடைச்சி. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை போலத்தான் இருந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்து தேவசகாயம் நோட்டைப் பிரித்தார். சுனைக்குப் போகிற நேரம் பக்கம் பக்கமாக இருந்தது. திரும்புகிற நேரம் ஒரு இடத்தில்கூட இல்லை. பேனாவை எடுத்து முதல் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தார்.

*

ஆறாம் நாள் சடைச்சி சொன்னார். “இன்னைக்கி நீங்க முன்னாடி போங்க. நான் பின்னால வர்றேன்.”

தேவசகாயம் முன்னால் நடந்தார். தப்பே செய்யவில்லை. தலைக்கு மேலே பார்த்து நடந்தார். யானைத் தடத்தின் அழகில் மயங்கவில்லை. உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தார், எழ வேண்டிய நேரத்தில் எழுந்தார். பின்னால் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது. மனதுக்குள் ஒரு நிறைவு வந்தது. நாளைக்கே ரேஞ்சரிடம் போய்விடலாம் என்று தோன்றியது.

ஒரு இடத்தில் தடம் இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கத் தடத்தின் குறுக்கே இலையோடு ஒரு பச்சைக் கிளை கிடந்தது.

போக வேண்டியது வலது பக்கம். அது தேவசகாயத்துக்குத் தெரியும். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. குனிந்தார். கிளையை எடுத்தார். யார் காலையும் தட்டாத மாதிரி தடத்துக்கு வெளியே ஓரமாக வைத்தார். கையைத் தட்டிக்கொண்டு நடந்தார்.

பத்தடி போனதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தார்.

சடைச்சி அந்தக் கிளையை எடுத்து, முன்பு கிடந்த மாதிரியே குறுக்கே போட்டுக்கொண்டிருந்தார். வெட்டிய முனை எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு நொடி யோசித்து, சரியாகத் திருப்பிப் போட்டார்.

“கால்ல தட்டுமேன்னு எடுத்தேன்,” என்றார் தேவசகாயம்.

“தட்டத்தான் போட்டுருக்கு.”

“யாரு போட்டா?”

“எங்கண்ணன். அங்கிட்டு நேத்துத் தேன் எடுத்தாரு. ஈ இன்னும் கோவத்துல திரியும். இந்தப் பக்கம் யாரும் வந்துராதீகன்னு போட்டுட்டுப் போயிருக்காரு.”

சொல்லிவிட்டுச் சடைச்சி நடக்கத் தயாரானார். தேவசகாயம் நகரவில்லை. பக்கத்தில் இருந்த கல்லில் மெதுவாக உட்கார்ந்தார்.

தை மாதம். பாதி வழி. தடம் இரண்டாகப் பிரிந்த இடம். வலது பக்கத் தடத்தின் குறுக்கே வெட்பாலைக் கிளை ஒன்று கிடந்தது. அதைத் தூக்கி ஓரமாக வைத்தது இந்தக் கைதான். பின்னால் எட்டுப் பேர் வருகிறார்களே, தடுக்கி விழுந்துவிடுவார்களே என்றுதான் வைத்தார். அடுத்து வந்தவர் சீனிச்சாமி. “நல்ல மனசுய்யா ஒனக்கு” என்று முதுகில் தட்டிவிட்டு, காலைத் தூக்கிவைக்கும் சிரமம் இல்லாமல் கடந்து போனார்.

தேவசகாயம் கேட்டார்.

“தாயி, தையில ஓடைப் பக்கம் ஒரு கிளை கெடந்துச்சே. அது யாரு போட்டது?”

“நான்தான். மார்கழி மழையில அந்தத் தடம் சரிஞ்சுபோச்சு.”

“அத நான் எடுத்து வச்சேன்.”

“தெரியும்.”

“எப்படி?”

“மறுநாத் தேடி வரையில பாத்தேன். பன்னி இழுத்தாத் தாறுமாறாக் கெடக்கும். அது ஓரமா, ஒழுங்கா வச்சுருந்துச்சு. படிச்ச ஆளு வேலைன்னு நெனச்சேன். நீங்க அந்தப் பக்கம் போயிருக்கீகன்னு அத வச்சுத்தான் கண்டுபிடிச்சோம்.”

“எட்டு மாசமா ஏன் சொல்லல?”

“நீங்க வழி கேட்டு வந்தீக. கிளையப் பத்திக் கேக்கலையே.”

எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது.

“ரேஞ்சர்கிட்ட என்னச் சரின்னு சொல்வீங்களா?” என்று கேட்டார் தேவசகாயம்.

“என்கிட்டக் கேட்டா?” என்றார் சடைச்சி. “கால் ஒடிஞ்சது எனக்கா?”

*

ஏழாம் நாள் தேவசகாயம் காட்டுக்குப் போகவில்லை. சீனிச்சாமி வீட்டுக்குப் போனார்.

போகாமல் இருந்துவிடலாமா என்று மூன்று தெரு சுற்றிப் பார்த்தார். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சடைச்சி ஊருக்குள் வந்து சொல்லப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாகக் கூட்டிப் போய்க் கூட்டி வந்துவிட்டால் எல்லாம் ஆறிவிடும். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே போனவர், நாலாவது தெருவில் சீனிச்சாமியின் வாசலில் நின்றார்.

சீனிச்சாமி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மூன்று மாதமாகத்தான் மறுபடி மிதிக்கிறார்.

“வாய்யா. ஞாயித்துக்கெழமைக்குப் புளிச்சோறா, எலுமிச்சையா?”

“சீனி, மேப்பு மேல தப்பில்ல.”

“பின்ன?”

“வழியில ஒரு கிளை குறுக்கக் கெடந்துச்சு. ஞாபகம் இருக்கா?”

“நீ எடுத்து ஓரமா வச்சியே.”

“அது இந்தப் பக்கம் வராதன்னு போட்டது.”

சீனிச்சாமி பெடலைச் சுற்றினார். சக்கரம் சுற்றியது. அது தானாக நிற்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எட்டு மாசமா அந்த மேப்புக்காரன வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டு இருந்தேன்,” என்றார்.

“எனக்கு நேத்துத்தான் தெரிஞ்சுது.”

“சொல்லாம இருந்தா எனக்கு எப்படித் தெரியப் போகுது? ஏன் வந்து சொல்ற?”

தேவசகாயம் தலைகீழாக நின்ற சைக்கிளையே பார்த்தார்.

சீனிச்சாமி எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். பிறகு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து வீட்டுக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

தேவசகாயம் சைக்கிளை நேராக நிமிர்த்தி வைக்கக் கையை நீட்டினார். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

*

எட்டாம் நாள் சடைச்சியிடம் போனார்.

“சொல்லிட்டேன் தாயி.”

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. வரமாட்டான்னு நெனைக்கேன். மத்தவங்களுக்கும் போன்ல சொல்லிட்டேன். அவங்க வாறாங்க. நாளைக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க. நான் வரிசையில கடைசியா நடந்து வாறேன்.”

இரண்டு பேரும் ரேஞ்சர் ஆபீசுக்கு நடந்தார்கள்.

“சாரு சரியான ஆளுதானா?” என்று கேட்டார் ரேஞ்சர்.

“போன வாரம் இல்ல.”

“இப்போ?”

சடைச்சி மேஜையில் இருந்த அனுமதித் தாளை எடுத்து ரேஞ்சர் முன்னால் வைத்தார்.

“நான் கடைசியா வர்றேன்,” என்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை ஆறேகால் பஸ்ஸிலிருந்து ஏழு பேர் இறங்கினார்கள். தேவசகாயம் முந்தின பஸ்ஸிலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். எட்டாவதாக ஒரு கம்பு இறங்கியது. அதற்குப் பின்னால் சீனிச்சாமி இறங்கினார்.

தேவசகாயத்துக்கு ஓடிப்போய்க் கையைப் பிடிக்கலாம் என்று இருந்தது. சீனிச்சாமி அவரைப் பார்க்காமல் போய் வரிசையில் நடுவே நின்றுகொண்டார்.

ஏறினார்கள். தேவசகாயம் முன்னால், சடைச்சி கடைசியில்.

காலை நன்றாக இருந்தது. முதல் நிழலில் உட்கார்ந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள். எல்லாரும் பேசினார்கள். சீனிச்சாமி மற்றவர்களோடு பேசினார். தேவசகாயத்தோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டியபோது வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்தவரிடம் கொடுத்தார்.

பத்தேமுக்காலுக்குத் தண்ணீர் விழும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

“சுனை!” என்றார் லீலாவதி டீச்சர். குழுவில் மூத்தவர் அவர்தான். சிறுபிள்ளை மாதிரி கையைத் தட்டினார். “பத்து நிமிஷந்தான் இருக்கும் சார்!”

தேவசகாயம் நின்று வரிசையைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார்.

சீனிச்சாமி வலது காலை வைப்பதற்கு முன்னால் ஒரு நொடி தயங்கினார். கம்பை ஊன்றி, பல்லைக் கடித்து, பிறகு வைத்தார். கடந்த அரை மணி நேரமாகவே அப்படித்தான் வைத்துக்கொண்டு வருகிறார் என்பது அவர் சட்டை நனைந்திருந்ததிலேயே தெரிந்தது. ஏறுவதற்கு அந்தக் கால் போதும். இறங்குவதற்குத்தான் கணுக்கால் அதிகம் வேண்டும்.

“இங்கயே திரும்பறோம்,” என்றார் தேவசகாயம்.

“என்ன சார்!”

“சத்தம் கேக்குதே சார்!”

“இவ்வளவு தூரம் வந்துட்டு யாராவது திரும்புவாங்களா?”

“போன தடவையும் பாக்கல. இந்தத் தடவையுமா?”

ஆளாளுக்குப் பேசினார்கள். சடைச்சி கடைசியில் நின்று அட்டையைக் காலிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

சீனிச்சாமி கையை உயர்த்தினார். எல்லாரும் நிறுத்தினார்கள். இரண்டு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவர் தேவசகாயத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

“என் காலுக்காகத்தான் திருப்புதியா?”

சொல்வதற்கு நல்ல காரணங்கள் எத்தனையோ இருந்தன. மேற்கே கொஞ்சம் மேகம் இருந்தது. புதிதாக யானைச் சாணி கிடந்தது. கடைசி பஸ் மூன்றரைக்கு. எதைச் சொன்னாலும் எல்லாரும் ஒத்துக்கொண்டிருப்பார்கள். எட்டுப் பேர் முன்னால் சீனிச்சாமிக்கும் கௌரவமாக இருந்திருக்கும்.

“ஆமா,” என்றார் தேவசகாயம். “ஒன் காலுக்காகத்தான்.”

தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

வரிசை திரும்பியது. கடைசியில் நின்ற சடைச்சி இப்போது முதல் ஆளாக இருந்தார். அவர் தடத்திலிருந்து இறங்கிப் புல்லில் ஒதுங்கி நின்றார்.

“போங்க சாரு,” என்றார்.

தேவசகாயம் ஒவ்வொருவராகக் கடந்து முன்னால் வந்துகொண்டிருந்தார். சீனிச்சாமியைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டார்.

சீனிச்சாமி கம்பை இடது கைக்கு மாற்றினார். வலது கையை அவர் தோளில் போட்டு, தன் பாரம் முழுவதையும் சாய்த்தார்.

“மெதுவா எறங்கு,” என்றார். “ஒன்னப் புடிச்சுக்கிட்டுத்தான் நான் வரணும்.”